மேடையில் கதிரை, புல்லில் பாண்டு

1937 ஏப்ரல் 5, திங்கள்

மீன்காரி இன்றைக்கும் நேற்றைய மீனை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள். குழம்பு வைத்த பிறகுதான் தெரிந்தது. அப்படியே பூனைக்கு ஊற்றிவிட்டு இவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் சாப்பிட்டார். ஒரு கையில் சோறு, மற்றக் கை மேசையில் தாளம் போடுகிறது. நேற்றைய சந்தோஷம் இன்னும் இறங்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டியதுதான். பழைய மேளக்காரர் கொழும்புக்குக் குடிபோனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பாண்டு வாத்தியம் நொண்டிக்கொண்டு கிடந்தது. இவர் கொர்னட்டை ஊதிக்கொண்டே காலால் பலகையை உதைத்து மற்றவர்களுக்குத் தாளம் காட்டுவார், பார்க்கப் பாவமாக இருக்கும். நேற்று காத்தமுத்து முதல் தரம் மேடை ஏறினான். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். பள்ளிக்கூடப் பாண்டில் சின்ன வயதிலேயே மேளம் பழகியவனாம். ஒரு மாதமாக எங்கள் வீட்டில்தான் ஒத்திகை. அவன் அடிக்கத் தொடங்கியதும் வாவியில் போன தோணிக்காரன் துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றான்.

ஞாயிறு பின்னேரம் புளியந்தீவில் யாரையாவது தேட வேண்டுமென்றால் வீட்டுக்குப் போகத் தேவையில்லை, திடலுக்குப் போனால் போதும். நடுவில் எட்டு மூலைப் பாண்டு மேடை. றோட்டுப் பக்கம் ஆண்கள், வாவிப் பக்கம் பாய் விரித்து நாங்கள். கிளாக்கரும் கடைக்காரரும் வலை வீசுகிறவரும் காத்தான்குடியிலிருந்து பாய் கொண்டுவருகிற உம்மாமாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிற இடம் இந்த ஊரில் வேறு இல்லை. கோயிலில்கூட இல்லை. கோயிலில் யார் எங்கே நிற்பது என்று பார்க்கவே நேரம் சரியாகிவிடும்.

ஏப்ரல் 7, புதன்

இருந்த சந்தோஷத்தில் மண்.

அப்பா காலையிலேயே வந்தார். எங்கள் வளவுக்குப் பின் வீட்டில்தான் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். வழமையாக “புள்ள, தேத்தண்ணி” என்று கேட்டுக்கொண்டு கிணற்றடியால் வருகிற மனிதர், இன்று என்னைப் பார்க்கவே இல்லை. இவரைக் கூப்பிட்டார்.

“தம்பி, மேளம் அடிச்சவன் ஆரெண்டு தெரியுமா உங்களுக்கு?”

“காத்தமுத்து, மாமா. அச்சுக்கூடத்தில வேலை.”

“அச்சுக்கூடத்த விடுங்க. எங்கட கோயில்ல பறை அடிக்கிறவன்ட மகன் அவன். தகப்பன் வெளிவீதியில மண்ணில நிண்டு அடிக்கிறான். மகன் எங்கட தலைக்கு மேல ஏறி நிக்கிறான். நான் அவன்ட காலடியில கதிரை போட்டு இருக்கன். வடிவா இருக்கா?”

“அது கோயில் இல்லையே அப்பா, பாண்டு மேடை” என்றேன்.

“உயரமெண்டா எல்லாம் உயரந்தான்.”

அப்பா வயலில் ஆள் வைத்து வேலை வாங்குகிற போடியார், ஊர்க் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர், இங்கே திடல் கமிட்டிக்குத் தலைவர். மூன்று இடத்துக்கும் ஒரே சட்டம் வைத்திருக்கிறார். கோயில் காரியம் பார்க்கிறவர் அதைக் கோயிலோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? புல்லுக்கும் தகரக் கூரைக்கும் தீட்டு எங்கிருந்து வந்தது?

அதைவிட எனக்கு வயிறு எரிந்தது இவரை நினைத்துத்தான். நின்றார். காதைச் சொறிந்தார். கடைசியில், “பாப்பம் மாமா” என்றார்.

பாப்பமாம்! என்னத்தைப் பார்க்கிறது?

ஏப்ரல் 8, வியாழன்

இவரோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்தேன்.

ஏப்ரல் 11, ஞாயிறு

திடலுக்குப் போனேன். மேடையில் காத்தமுத்து இல்லை. அவனுக்குக் காய்ச்சல் என்று இவர் எல்லாருக்கும் சொன்னார். பொய் சொல்லும்போது இவருடைய மூக்கு நுனி சிவக்கும். இந்த ஊரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாண்டு மகா கேவலம். ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். பெரிய குழல் ஊதுகிற கச்சி முகம்மது நானா, புடவைக்கடைக்காரர், நடுவிலேயே குழலைக் கீழே வைத்துவிட்டார். பிறகு வீட்டுக்கு வாத்தியங்களைக் கொண்டுவந்து இறக்கும்போது இவரிடம் சொன்னார்: “தம்பி, மேளம் இல்லாத பாண்டு சில்லு இல்லாத வண்டி. எனக்கு வயசு போயிட்டு. தள்ள ஏலாது.”

இவர் சிரித்து மழுப்பினார். நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 15, வியாழன்

வருஷப் பிறப்பன்று கைவிசேஷக் காசு கொடுக்கும்போது அப்பா இவருடைய காதில் என்னவோ சொன்னார். இரண்டு நாளாகக் கேட்டுக் கேட்டு இன்றுதான் பிடுங்கினேன்.

மே மாதம் லண்டனில் ராசாவுக்கு முடி சூட்டுகிறார்களாம். அன்று பின்னேரம் எங்கள் திடலில் பெரிய கூட்டம். தெற்கே களுவாஞ்சிக்குடியிலிருந்தும் ஆட்கள் வருவார்களாம். பாண்டு வாசிக்க வேண்டும், காத்தமுத்து வரக்கூடாது. இவர் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

“ஒரு நாள்தானே புள்ள. மறுகா அவன் வரட்டும்.”

நல்லரத்தினம்! நல்லரத்தினம்! நல்லரத்தினம்! எழுதிவிட்டேன். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்றுதான் அம்மா பழக்கினாள். கையால் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. ஒரு மாதம் அவனைக் கூட்டிவைத்துப் பழக்கி, “நீ இல்லாட்டி பாண்டு இல்ல” என்று தோளில் தட்டினதும் இந்த நல்லரத்தினம்தான். அது எந்த நல்லரத்தினம்?

வாத்தியங்கள் எல்லாம் எங்கள் உள்ளறையில்தான் இருக்கின்றன. அறையைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

“காத்தமுத்து இல்லாம இந்தப் பாண்டு வெளிக்கிடாது” என்றேன்.

“அது என்ட கொர்னட்.”

“கொர்னட் உங்கட. அறை என்ட.”

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்தாள், அம்மா எனக்குக் கொடுத்துவிட்டுப் பின் வீட்டுக்குப் போனாள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து ஏறுகிறவர். அதை நான் ஒருநாளும் இவருக்குச் சொல்லிக் காட்டியதில்லை. இன்று காட்டிவிட்டேன். முகம் கறுத்துப் போயிற்று. போகட்டும்.

ஏப்ரல் 17, சனி

கச்சி முகம்மது நானா வந்தார். அறை பூட்டியிருக்கிற கதை கடைத்தெரு முழுக்கப் போய்விட்டது போலிருக்கிறது. வந்தவர் என்னைப் பார்த்து, “தங்கச்சி, நல்ல பூட்டாப் போட்டீங்களா?” என்று கேட்டார். பிறகு இவரிடம் திரும்பி, “நாங்க எல்லாரும் கதைச்சிட்டம். அந்தப் பொடியன் வராட்டி நாங்களும் வரல்ல. உங்கட மாமாக்கு நீங்க சொல்லுறீங்களா, நாங்க போய்ச் சொல்லவா?” என்றார்.

இவர் எழும்பிச் சேட்டைப் போட்டுக்கொண்டு கிணற்றடியால் பின் வீட்டுக்குப் போனார். போகும்போது முதுகு நிமிர்ந்திருந்தது. வரும்போது எப்படியிருந்தது என்று எழுதத் தேவையில்லை. ஆனால் சொல்லிவிட்டார். அப்பா ஒரு பதிலும் சொல்லவில்லையாம்.

சொல்லாமல் விட்டால் சரி என்றுதானே அர்த்தம்? வென்றுவிட்டேன்.

ஏப்ரல் 20, செவ்வாய்

வென்றேனாம்.

ஒத்திகைக்குக் காத்தமுத்து வந்தான். நான் வாசலுக்குப் போய், நல்ல செய்தி சொல்கிற சந்தோஷத்தோடு சொன்னேன்: “பயப்படாத. நீ மேடை ஏறுவாய். அதுக்கு நான் பொறுப்பு.”

அவன் மேளத்தின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“அம்மா, என்ன மேடையில ஏத்திறத்துக்கு நீங்க இவ்வளவு சண்டை புடிச்சீங்க. ஒரு மாசமா இந்த வீட்டுக்கு வாறன். விறாந்தைக்கு ஏறெண்டு ஒருத்தரும் சொல்லல்லயே.”

என்ன வாய்! அப்பாவோடு முறைத்து, புருஷனோடு முறைத்து, அறையைப் பூட்டி, ஊரெல்லாம் என் பெயர் அடிபட்டு, யாருக்காக? இவனுக்காகத்தானே? அதற்குக் கிடைத்த கூலி இதுவா? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மேளம் முற்றத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது, ஒரு அடி பிசகாமல்.

ஏப்ரல் 21, புதன்

நித்திரை சரியாக இல்லை.

மற்றவர்கள் விறாந்தையில், அவன் முற்றத்தில். அப்படி நிறுத்தியது நான்தான். மேளச் சத்தம் காதைப் பிளக்கும், வெளியில் நிற்கட்டும் என்று சொன்னேன். கச்சி முகம்மது நானாவின் குழல் யானை பிளிறுகிற மாதிரிக் கத்துகிறது. அதை வெளியில் வைக்கச் சொன்னேனா? இல்லை. அவருக்குக் கதிரை போட்டுக் கொடுத்தேன்.

கோபம் யார்மேல் என்று இப்போது தெரியவில்லை. அவன்மேல் இல்லை. அது மட்டும் தெரிகிறது.

ஏப்ரல் 24, சனி

ஒத்திகை தொடங்குமுன் வாசலில் நின்று சொன்னேன்: “காத்தமுத்து, மேல வாங்க. இதில இருங்க.” கொஞ்சம் அதட்டல் மாதிரி வந்துவிட்டது. அவர் ஒரு கணம் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி வந்து கதிரையில் இருந்தார். இவர் கொர்னட்டைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

கிணற்றடியில் நின்ற அம்மா வாளியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள். “அப்பாட மானத்த வாங்கிறத்துக்கெண்டே உன்னப் பெத்தனா கா நான்? இனி இந்தக் கிணத்தில எனக்குத் தண்ணி வேணாம்!”

வேண்டாமென்றால் விடட்டும். ஒரு மனிதன் கதிரையில் இருந்ததற்குக் கிணற்றுத் தண்ணீர் என்ன செய்தது? அம்மாவுக்கு இப்போது பக்கத்து வளவிலிருந்து தண்ணீர் வருகிறது. அப்பா எங்கள் முற்றத்தால் வருவதில்லை, றோட்டால் சுற்றிப் போகிறார்.

மே 2, ஞாயிறு

அப்பாவின் மௌனத்துக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது. நான் நினைத்தது மாதிரி இல்லை. என் அப்பா என்னைவிடக் கெட்டிக்காரர்.

நேற்றுக் கமிட்டி கூடி முடிவு செய்திருக்கிறது. முடிசூட்டு விழா அன்று பாண்டு முழுதும் வரலாம். காத்தமுத்தும் வரலாம். யாரையும் விலக்கவில்லை. ஆனால் மேடையில் பெரிய மனிதர்களுக்குக் கதிரை போடப்படும். பாண்டு கீழே, புல்லில், வாவிக் கட்டோரம், வண்டில்கள் நிற்கிற பக்கம்.

பாண்டு மேடையில் பாண்டு இல்லை! இதை எந்த ஊரில் போய்ச் சொல்வது? சத்திரத்தில் சாப்பாடு இல்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை, அதே மாதிரித்தான். ஒருத்தரை இறக்குவதற்காக எல்லாரையும் இறக்கிவிட்டு, அந்த இடத்தில் தாங்கள் ஏறி இருக்கப் போகிறார்கள். கோயிலில் சாமிக்கு முன்னால் நிற்கிறவன் பெரியவன், வெளிவீதியில் அடிக்கிறவன் சின்னவன். அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து திடலில் வைத்துவிட்டார். மேடையில் என்ன சாமி இருக்கிறது?

இவர் என்ன சொல்கிறார் தெரியுமா? “அவனையும் விலக்கல்ல, எங்களையும் விலக்கல்ல. இதில என்ன குறை புள்ள?” நான் வாயைத் திறந்திருந்தால் சட்டி பறந்திருக்கும்.

காத்தமுத்து கேட்டுவிட்டு மேளத்தின் வாரை இழுத்துச் சரிபார்த்தார். “கீழ நிண்டு அடிக்க எனக்கு வெட்கமில்ல. ஆனா நானாக்களும் ஐயாவும் கீழ நிக்கிறது என்னாலதான் எண்டு ஊருக்கே தெரியும். அதுதான் அவங்க கொடுக்கிற அடி” என்றார். வருகிறீர்களா, இல்லையா என்று இவர் கேட்டார். “வராட்டி நான் பயந்திட்டன் எண்டுவாங்க. வாறன்.”

மே 8, சனி

மேடையில் யாருக்கு எந்தக் கதிரை என்று கமிட்டிக்குள்ளேயே சண்டையாம். கோயிலில் குடிப் பெயர் சொல்லி வெற்றிலை கொடுக்கிற வரிசைப்படிதான் கதிரை போட வேண்டும் என்று ஒருவர். அப்படியென்றால் என் குடி எதற்குப் பின்னால் வருகிறது என்று இன்னொருவர் எழும்பிப் போய்விட்டாராம். அவரை வீடு தேடிப்போய்க் கூட்டிவந்தார்களாம். இரத்தினம்மா அக்கா சந்தையில் கண்டு சொன்னாள். அவளுடைய புருஷனும் கமிட்டியில்தான். “இவருக்கு மூணாம் கதிரையாம் கா. ராவு பகலா அதே கதை. எனக்குச் சீயெண்டு போச்சு” என்றாள்.

நன்றாக அடிபடட்டும்.

மே 13, வியாழன்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

துரைமார் காலையில் கொடி ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். பின்னேரம் திடலில் எங்கள் ஆட்கள் மட்டும்தான். அப்படி ஒரு சனத்தை நான் அங்கே கண்டதில்லை. காத்தான்குடி ஹவ்வா உம்மா தலைச்சுமையாகக் கொண்டுவந்த பாய் எல்லாம் விற்றுத் தீர்ந்து, கடைசிப் பாயில் தானும் இருந்துவிட்டாள். மேடைக்குக் கடதாசிச் சோடனை, தென்னங்குருத்துத் தோரணம். மேலே கதிரைகள். நடுக் கதிரையில் அப்பா, பட்டுச் சால்வை, தலைப்பாகை. அப்பா வடிவாகத்தான் இருந்தார். அதுவும் எனக்குக் கோபம்.

நாங்கள் வழமை போல வாவிப் பக்கம் மேடையைப் பார்த்து இருந்தோம். பாண்டு எங்கள் முதுகுக்குப் பின்னால், மாட்டு வண்டில்களோடு. வண்டில் மாடு ஒன்று கச்சி முகம்மது நானாவின் குழல் வாயை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததாம்.

முதல் ராசா பாட்டு. எல்லாரும் எழும்பி நின்றோம். பிறகு இருந்தோம். ஒரு பெரியவர் வாழ்த்துப் பத்திரம் வாசித்தார், அது முடிகிற வழியாக இல்லை. பிறகு பாண்டு தொடங்கியது. சத்தம் முதுகில் வந்து விழுகிறது. கண் முன்னால் வரிசையாகக் கதிரையில் ஆட்கள், ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, சும்மா இருக்கிறார்கள். அவர்களைப் பார்ப்பதற்குத்தான் நாங்கள் சேலை மாற்றி, தலை சீவிக் கட்டி, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தோமா? பின்னால் காத்தமுத்து அடிக்கிறார். நேற்று அவர் அடித்தது போல அடித்து நான் கேட்டதில்லை. நெஞ்சுக்குள் விழுகிற அடி. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, ஆத்திரத்தில்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எழும்பினேன். பாயைத் தூக்கி உதறினேன். பாண்டுப் பக்கம் பார்த்து விரித்தேன். இருந்தேன்.

பக்கத்தில் இரத்தினம்மா அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். “என்ன கா, கிறுகி இருக்கிறாய்? அப்பா பாக்கிறார்!”

“பாண்டு பாக்க வந்தனான் அக்கா. பாண்டு இஞ்சாலதான் இருக்கு.”

அவள் மேடையைப் பார்த்தாள். மூன்றாம் கதிரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “எனக்கும் பிடரி நோகுதுதான்” என்று சொல்லிக்கொண்டு, அந்தப் பாரமான உடம்பைத் தூக்கி, மூச்சு வாங்க வாங்கக் கிறுகி இருந்தாள். ஹவ்வா உம்மா, “அதுதானே புள்ள, ஊதுறவங்க அங்க, நாம ஏன் இஞ்ச பாக்கிற?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டுப் பாயை இழுத்தாள். பிறகு யார் யார் என்று தெரியவில்லை. பாய்கள் சரசரக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைகள் ஓடிப்போய் மேளத்துக்கு முன்னால் குந்திக்கொண்டார்கள். றோட்டுப் பக்கம் நின்ற ஆண்கள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்து, கட்டோரமாகச் சுற்றி வந்து பாண்டைச் சூழ நின்றார்கள்.

இவர் கொர்னட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அடுத்த பாட்டைத் தொடங்கினார், நிற்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக. கமிட்டி இன்னும் இரண்டு பேச்சு வைத்திருந்ததாம். பேசுவதற்கு இவர் இடமே கொடுக்கவில்லை. அந்த மனிதனுக்கு இவ்வளவு மூச்சு எங்கே இருந்தது?

மேடையில் இருந்தவர்கள் தங்கள் தங்கள் பெண்சாதிமாரின் கொண்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். கச்சி முகம்மது நானா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மே 14, வெள்ளி

அப்பா முற்றத்துக்கு வந்தார். விறாந்தையில் ஏறவில்லை. ஒரே ஒரு கேள்வி.

“மகள், நான் ஒருநாளாவது உனக்கு முதுகு காட்டினனா?”

போய்விட்டார்.

இல்லை. காட்டினதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது வள்ளத்தில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். பொம்பிளைப் பிள்ளைக்கு இங்கிலீஷ் எதற்கு என்று ஊர் கேட்டபோது ஊரையே ஏசினவர். அந்த மனிதர்தான் இந்த மனிதர். ஒருவர் நல்லவராகவும் இருந்து இப்படியும் இருந்தால் நான் என்ன செய்ய? முழுக்கக் கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு லேசு!

ஏன் அப்பா அந்தக் கதிரையில ஏறின நீங்க? ஏன்?

மே 23, ஞாயிறு

மேடைப் படிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். திருத்த வேலையாம். ஒரு ஆணிகூட அடித்தபாடில்லை. எங்களை இறக்கியாயிற்று, அவர்களுக்கும் ஏற முகமில்லை, அதனால் யாருக்கும் இல்லை. பாண்டு புல்லில்தான் வாசித்தது. சனம் வட்டமாக இருந்தது. பெண்கள் பக்கம் எது, ஆண்கள் பக்கம் எது என்று கொஞ்சம் குழம்பித்தான் போயிற்று.

யூன் 6, ஞாயிறு

இன்று நல்ல சனம். காத்தமுத்துவின் தாய் வந்திருந்தாள். என் பாயில் இடம் கொடுத்தேன். ஓரத்தில் இருந்தாள், கொஞ்ச நேரம் கழித்துச் சரியாக இருந்தாள்.

யூன் 27, ஞாயிறு

அம்மா வந்தாள். சித்திரைக்குப் பிறகு இன்றுதான். கிணற்றடியில் நின்று மூக்கைச் சிந்தினாள்.

ஊர்க் கோயிலில் கொடி ஏறப் போகிறது. பறை அடிக்க ஆள் இல்லை. காத்தமுத்துவின் தகப்பனும் அவருடைய தம்பிமாரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா வேறு ஊர்களுக்கு ஆள் விட்டாராம். எல்லாம் அவர்களுடைய சொந்தக்காரர்தான், ஒருவர்கூடக் கிளம்பவில்லை. காத்தமுத்துவின் தகப்பன் சொன்னாராம்: “வெளிவீதியில நிண்டு இவ்வளவு காலமும் அடிச்சம், ஒருத்தரும் எங்களக் கிறுகிப் பாக்கல்ல. என்ட மகன் புல்லில நிண்டு அடிச்சான், ஊரே கிறுகிப் பாத்தது. நாங்களும் மறுகா ஒருக்கா யோசிக்கோணும்.”

பறை இல்லாமல் கொடி ஏறாது. அப்பாவின் கையில் இருக்கிற கோயிலில், அப்பாவின் காலத்தில். அப்பா இரண்டு நாளாகச் சோறு தின்னவில்லையாம்.

யூன் 29, செவ்வாய்

அப்பாவே வந்தார். விறாந்தையில் ஏறி, அந்தக் கதிரையில்தான் இருந்தார். அது காத்தமுத்து இருந்த கதிரை என்று அவருக்கும் தெரியும்.

“மகள், அவனிட்ட நீ ஒருக்காச் சொல்லு. உன்ட சொல்லுக் கேப்பான்.”

“என்ட சொல்லுக் கேக்கிறத்துக்கு அவர் என்ட வேலைக்காரன் இல்ல அப்பா.”

“அப்ப நான் என்ன செய்ய?”

“நீங்க கேளுங்க. ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு வருவார்.”

“அத்தின சனத்துக்குள்ள?”

தேத்தண்ணீர் வைத்தேன். குடிக்காமல் போனார். கோபத்தில் நானே குடித்தேன்.

யூலை 5, திங்கள்

நேற்று அப்பா திடலுக்கு வந்தார். வண்டிலைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வட்டத்தின் ஓரத்தில், சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்த தோணிக்காரர்களோடு நின்றார். கமிட்டி ஆட்கள் யாரும் இல்லை. யாரோ ஒருவர் எழும்பி இடம் கொடுக்கப் பார்த்தார். அப்பா கையைக் காட்டி வேண்டாம் என்றார்.

காத்தமுத்து கண்டார். கண்டது எனக்குத் தெரிந்தது. அடி ஒன்றும் பிசகவில்லை. கடைசிப் பாட்டு முடிந்தது, இவர் கொர்னட்டை இறக்கப் போனார். காத்தமுத்து இவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு இன்னொன்று தொடங்கினார். நீளமான பாட்டு. கச்சி முகம்மது நானா ஒரு கண்ணால் அப்பாவைப் பார்த்துக்கொண்டே கன்னம் வீங்க ஊதினார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அப்பாவின் காலைப் பார்த்தேன். ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி மாறி நிற்கிறார். சிரிப்பு நின்றுவிட்டது. எழும்பிப் போய்ப் பாயைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மனம். இரு, எழும்பாதே என்று ஒரு மனம். எழும்பவில்லை.

முடிந்த பிறகு அப்பா சனத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனார். என்ன கதைத்தார்கள் என்று என் காதுக்கு எட்டவில்லை. அப்பாதான் பேசினார். காத்தமுத்து மேளத்தைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஏதோ இரண்டு சொல் சொன்னார்.

அப்பா என் பக்கமாக வந்தார்.

“என்னப்பா சொன்னார்?”

“தகப்பனோட யோசிச்சுச் சொல்லுறாராம்.”

அப்பாவுக்கு யாரும் அப்படிப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார். கோபப்படுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்குச் சொல்லுவாரோ, நாளையண்டைக்கோ?” என்று என்னிடம் கேட்டார்.

தெரியாது என்றேன். வண்டில்வரை கூடவே நடந்து போனேன்.